மாற்றியமைக்கப்பட்ட ஜீப்பை மாநில எல்லை தாண்டி ஓட்டுதல்

மணல், சேறு, மலைப்பாதை போன்ற கரடுமுரடான தடங்களில் ஓட்டுவதற்காக மாற்றியமைக்கப்பட்ட ஜீப் வகை வாகனங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஓட்டிச் செல்வதை, இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் நெறிப்படுத்துகின்றன. இவ்விரண்டும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. ஆகவே ஒரு மாநிலத்தில் சட்டப்படியாக உள்ள வாகனம் எல்லையைத் தாண்டியதும் சட்டவிரோதம் ஆகிவிடுவதில்லை. ஒரு மாநிலத்தில் சட்டவிரோதமான வாகனம் எல்லையைத் தாண்டித் தப்பித்துக்கொள்வதும் இல்லை. எல்லையில் மாறுபவை சாலை வரி, சோதனையிடும் அதிகாரி, வழக்கு நடக்கும் நீதிமன்றம், சமரசத் தொகை ஆகியவையே.

கடலூர் மாவட்டத்தில் வாகனம் வைத்திருப்போருக்கு இது அன்றாடப் பிரச்சினை. வடக்கே புதுச்சேரி, தெற்கே சிறிது தொலைவில் காரைக்கால் என இரு பக்கமும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நிலம் இருப்பதால், கடைக்குப் போய் வருவதற்குக்கூட எல்லை தாண்ட வேண்டியிருக்கும்.

எல்லைகள் அமைந்துள்ள விதம்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 22 கிலோமீட்டர். கடலூரில் இருந்து வடக்கே செல்லும் வண்டி தென்பெண்ணையாற்றைக் கடந்த சிறிது நேரத்தில் முள்ளோடையில் புதுச்சேரிக்குள் நுழைகிறது. அங்கிருந்து கன்னியகோவில், கிருமாம்பாக்கம் வழியாகச் சாலை நகரத்தை அடைகிறது. பாகூர் பக்கத்துக் கிராமச் சாலைகளில் எல்லை இன்னும் சிக்கலானது. எந்த இடத்தில் தமிழ்நாடு முடிகிறது என்பதைப் பல இடங்களில் கடைப் பெயர்ப் பலகையில் உள்ள முகவரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சிதம்பரத்தில் இருந்து தெற்கே செல்வோர் கொள்ளிடத்தைத் தாண்டி மயிலாடுதுறை மாவட்டத்துக்குள் சீர்காழி, திருக்கடையூர், தரங்கம்பாடி வழியாகச் சென்று நண்டலாற்றில் காரைக்கால் பகுதிக்குள் நுழைகின்றனர். காரைக்காலைக் கடந்து வாஞ்சூரில் மீண்டும் தமிழ்நாடு வருகிறது, அடுத்து நாகூர். வடக்கே திண்டிவனம் பக்கமிருந்து புதுச்சேரி வழியாக நாகப்பட்டினம் வரை ஒரே நாளில் ஓட்டுபவர் நான்கு முறை எல்லை தாண்டுகிறார்.

புதுச்சேரி ஒரு மாநிலம் அல்ல, ஒன்றியப் பகுதி. ஆனால் 1897ஆம் ஆண்டின் பொதுச் சொற்கூறுகள் சட்டப்படி மத்திய சட்டங்களில் வரும் ‘மாநிலம்’ என்ற சொல் ஒன்றியப் பகுதியையும் குறிக்கும். அதனால் மோட்டார் வாகனச் சட்டம் ‘வேறு மாநிலம்’ என்று சொல்லும் இடமெல்லாம் கடலூர்க்காரருக்குப் புதுச்சேரியும் அடங்கும். கடலூர் வண்டிகளுக்கு டி.என்.31, சிதம்பரம் வண்டிகளுக்கு டி.என்.91, புதுச்சேரிக்கு பி.ஒய்.01, காரைக்காலுக்கு பி.ஒய்.02 என்ற எண் வரிசைகள் வழங்கப்படுகின்றன.

பொதுச் சட்டமும் தனி வரியும்

இயந்திர ஊர்திகள் இந்திய அரசமைப்பின் 7ஆவது அட்டவணையில் பொதுப் பட்டியலில் 35ஆவது இனமாக உள்ளன. வாகனத்தின் கட்டுமானம், பதிவு, பாதுகாப்புத் தரம் ஆகியவற்றை நாடாளுமன்றச் சட்டமே தீர்மானிக்கிறது. வாகனங்கள் மீதான வரி மாநிலப் பட்டியலில் 57ஆவது இனம். தமிழ்நாட்டில் வரியை 1974ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிச் சட்டம் விதிக்கிறது. புதுச்சேரிக்குத் தனி வரிச் சட்டம் உண்டு. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அங்கே வண்டி வாங்கிப் பதிவு செய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. போலி முகவரி கொடுத்து அவ்வாறு பதிவு செய்ததாக 2017இல் கேரளத்தில் திரைத்துறையினர் சிலர் மீது வழக்குகள் எழுந்தன.

இந்த வரி வேறுபாட்டில் இருந்தே ஒரு தவறான எண்ணமும் கிளைத்துள்ளது. புதுச்சேரி எண் இருந்தால் வண்டியை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அது. வரி குறைவு என்பதற்கும் வண்டியின் உடலமைப்பை மாற்றுவதற்கும் சட்டத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. பி.ஒய்.01 வண்டிக்கும் டி.என்.31 வண்டிக்கும் பொருந்துவது அதே பிரிவு 52தான்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வண்டியின் உயரம், பம்பர், விளக்கு போன்றவற்றை அந்தந்த மாநிலமே வகுக்கிறது. ஒரு மாநிலத்தில் சாலையில் ஓடும் நான்கு சக்கர மணல் வண்டி பக்கத்து மாநிலத்தில் ஓட முடியாமல் போகலாம். இணையத்தில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து ஜீப்பை மாற்றுகிறவர்கள் அந்த ஊர்ச் சட்டத்தையும் சேர்த்தே நம்பிவிடுகிறார்கள்.

பிரிவு 52

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பின் அதன் சாரம் இது: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது. வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே ‘மாற்றியமைத்தல்’ என்று அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது.

விலக்குகள் உண்டு. எரிவாயு, மின்கலம் போன்ற வேறு எரிசக்திக்கு அங்கீகரிக்கப்பட்ட கருவித் தொகுப்பைப் பொருத்தி மாற்றலாம். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கு ஏற்ப வண்டியை மாற்றிவிட்டு அதற்குப் பின்னர் ஒப்புதல் பெறலாம். எஞ்சினை மாற்றினால் அதனைப் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துப் புதிய எஞ்சின் எண்ணைச் சான்றிதழில் ஏற்ற வேண்டும்.

இந்தப் பிரிவின் எல்லை எது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலர் எதிர் கே.ஜெயச்சந்திரா வழக்கில் தெளிவுபடுத்தியது. மாநில விதிகளின் துணையோடு வாகனத்தின் கட்டமைப்பை மாற்ற இடம் தந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து எழுந்த மேல்முறையீடு அது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. உற்பத்தியாளர் தந்த மாதிரி வாகனம் விதி 126இன்படி சோதனை நிலையத்தில் தேர்வு பெற்ற பிறகே அந்த வகை விற்பனைக்கு வருகிறது. அந்த மாதிரியின் அசல் அமைப்பை உரிமையாளர் மாற்ற முடியாது. மாநில விதிகள் பிரிவு 52க்குக் கீழ்ப்பட்டவை என்று நீதிமன்றம் கூறியது. நிறம் மாற்றுவது போன்ற சிறு மாற்றங்கள் இதில் சேரா. ஆனால் நிற மாற்றத்தையும் பதிவுச் சான்றிதழில் திருத்திக்கொள்ள வேண்டும்.

கேரளத்தில் எழுந்த வழக்கு என்றாலும் தீர்ப்பு தமிழ்நாட்டையும் புதுச்சேரியையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது.

ஜீப்பில் வழக்கமாகச் செய்யப்படும் மாற்றங்கள்

டயர். பெரிய டயர் போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் மாற்றம். 235/70 ஆர்16 அளவுள்ள டயரின் விட்டம் சுமார் 735 மில்லிமீட்டர். 265/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 777 மில்லிமீட்டர். வித்தியாசம் 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. வேகமானி 80 காட்டும்போது வண்டி உண்மையில் 84, 85 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வேகக் கண்காணிப்புக் கேமராவுக்கு வேகமானி என்ன காட்டியது என்பது பொருட்டல்ல. பெரிய சக்கரத்தை நிறுத்த பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். அதே வகை வண்டியின் வேறொரு ரகத்துக்கு உற்பத்தியாளரே குறிப்பிட்டுள்ள டயர் அளவைப் பொருத்துவதில் சிக்கல் வருவது அரிது. மட்காட்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் டயர் எந்த ஊர்ச் சாலையிலும் கண்ணில் படும்.

உயரம். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர்களை மாற்றி வண்டியைத் தூக்குவது பள்ளம் மேடுகளில் உதவும். அதே நேரத்தில் புவியீர்ப்பு மையம் மேலேறுகிறது. வளைவில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடுகிறது. முன்விளக்கும் உயர்ந்துவிடுவதால் எதிரே வருபவரின் கண் கூசும்.

முன்தடுப்பு. காரின் முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்பான ‘புல் பார்’ மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர் 7 அன்று மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. மோதும்போது நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதியை இந்தத் தடுப்பு வேலை செய்ய விடாது. காற்றுப்பையின் உணர்கருவியும் தாமதமாக இயங்கலாம். நடந்து செல்பவர் மீது மோதினால் தடுப்பின் முழு வலுவும் அவர் மீதே இறங்கும். வின்ச் பொருத்துவதற்காகப் போடப்படும் கனமான இரும்பு பம்பரும் இதே கேள்விக்கு உள்ளாகிறது.

விளக்கு. மத்திய மோட்டார் வாகன விதி 111, வாகனத்தின் முன்னால் தேடுவிளக்குகள் பொருத்துவதைத் தடை செய்கிறது; தனிப்பட்ட சூழ்நிலைகளில் பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு மட்டுமே விலக்கு உண்டு. கூரை மேல் நீளமாகப் பொருத்தப்படும் எல்.இ.டி. விளக்குப் பட்டை காட்டில் வசதியாக இருக்கலாம். ஒற்றைத் தடமாகக் குறுகிய ஊர்ச் சாலையில் இரவில் எதிரே வரும் இருசக்கர வாகன ஓட்டிக்கு அது கண்ணைக் குருடாக்கும் வெளிச்சம்.

கூரையும் இருக்கையும். துணிக்கூரை என்று பதிவான வண்டிக்கு இரும்புக் கூரை போடுவது, பின்னால் கூடுதல் இருக்கை வைப்பது இரண்டும் பதிவுச் சான்றிதழின் உடலமைப்பு, இருக்கை எண்ணிக்கை ஆகிய கட்டங்களோடு நேரடியாக முரண்படுகின்றன.

சைலன்சர், பல்லொலி எழுப்பும் ஹாரன் ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உள்ளன. ஒலி, புகைத் தரங்களை மீறினால் பிரிவு 190(2)இன்படி 3 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் உட்புறக் குழாய்ச் சட்டகத்தின் நிலைதான் விசித்திரமானது. அது பாதுகாப்பைக் கூட்டுகிறது. பந்தயங்களில் கட்டாயமாகவும் உள்ளது. ஆனாலும் தனியார் உரிமையாளர் அதைப் பொருத்தி முறையாக ஒப்புதல் பெறுவதற்கு எளிய வழி எதுவும் சட்டத்தில் இல்லை. சட்டம் எல்லா மாற்றங்களையும் ஒரே தராசில் வைப்பதன் குறை இது.

பழைய ராணுவ ஜீப்புகளும் கட்டப்பட்ட ஜீப்புகளும்

கடலூர், சிதம்பரம் பகுதிக்கு வெளிமாநிலங்களில் இருந்து வரும் ஜீப்புகளில் இரு வகையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். முதலாவது, ராணுவம் ஏலத்தில் விட்டவை. இவற்றைப் பதிவு செய்ய உரிய அதிகாரி வழங்கிய படிவம் 21 விற்பனைச் சான்று தேவை. அந்தத் தாள் கைமாறும் வழியில் தொலைந்துவிட்டால் வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை.

இரண்டாவது, பஞ்சாப் எல்லையை ஒட்டி அரியானாவில் உள்ள மண்டி டப்வாலி போன்ற இடங்களில் கட்டப்படுபவை. ஏதோ ஒரு பழைய வண்டியின் பதிவுச் சான்றிதழ், வேறு ஒன்றின் எஞ்சின், புதிதாக அடித்த உடல் என ஒன்றுசேர்த்த ஜீப்புகள் அங்கிருந்து லாரியில் ஏறித் தெற்கே வருகின்றன. விலை குறைவு, தோற்றம் கம்பீரம். வாங்கியவர் பெயர் மாற்றத்துக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டு செல்லும்போதுதான் சிக்கல் தெரியவரும். மக்கள் இன்னமும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், சேஸிஸ் எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்துச் சான்றிதழோடு ஒப்பிடுவார். எஞ்சின் எண்ணோ சேஸிஸ் எண்ணோ பொருந்தவில்லை என்றால் பிரிவு 55(5)இன்படி பதிவையே ரத்து செய்ய இடமுண்டு. ரத்தான பின் அந்த ஜீப் சாலைக்கு வர முடியாத இரும்புதான். விற்றவர் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார்.

ஆகவே வெளிமாநில ஜீப்பை வாங்குவோர், பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவெண்ணை ‘வாகன்’ தளத்தில் தேடிப் பார்ப்பதும், இரு எண்களையும் நேரில் ஒப்பிடுவதும், முந்தைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்வதும் அவசியம்.

எல்லை தாண்டும்போது

பிரிவு 46இன்படி இந்தியாவின் எந்த மாநிலத்தில் பதிவான வாகனமும் நாடு முழுவதும் ஓடலாம். சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு எல்லையில் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டிருந்தால், பிரிவு 47இன்படி அங்கே புதிய பதிவெண் கோர வேண்டும். இதற்குப் படிவம் 27இல் விண்ணப்பமும் படிவம் 28இல் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். வரி எப்போது கேட்கப்படும் என்பது வேறு கணக்கு. அதை அந்தந்த மாநில வரிச் சட்டம் தீர்மானிக்கிறது. இந்த 12 மாதத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடலூரில் நிரந்தரமாகக் குடியிருந்துகொண்டு புதுச்சேரி எண் வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் இந்த இரண்டிலும் சிக்குகிறார்கள்.

மாற்றியமைத்த ஜீப்பைப் பொறுத்தவரை, மறுபதிவுக்காக வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்தும் நாளே பெரும்பாலும் உண்மை வெளிவரும் நாள். அதுவரை பல மாதங்கள் எவர் கண்ணிலும் படாமல் ஓடியிருக்கலாம்.

சாலையில் சோதனை என்று வந்தால், கடலூர் ஆல்பேட்டை போன்ற எல்லைச் சோதனைச்சாவடிகளில் காவலர்கள் முதலில் தேடுவது மதுப்புட்டிகளைத்தான். அதற்காக நிறுத்தப்படும் வண்டிகளில் உயரமான, விளக்குகள் நிறைந்த ஜீப் தனியாகத் தெரியும். அதன் பின் ஆவணங்கள் கேட்கப்படும். பதிவு விவரங்கள் நாடு தழுவிய தரவுத்தளத்தில் உள்ளதால், எந்த மாநில எண்ணாக இருந்தாலும் அதிகாரி கைப்பேசியிலேயே விவரங்களைப் பார்க்க முடிகிறது.

பலரும் அறியாத ஒரு செய்தி, வேறு மாநில வண்டியின் பதிவையும் உள்ளூர் அதிகாரி நிறுத்தி வைக்கலாம் என்பது. பிரிவு 53இன்படி, தன் எல்லைக்குள் இருக்கும் ஒரு வாகனம் பொது இடத்தில் ஓடினால் ஆபத்து என்றோ சட்டத்தின் தேவைகளுக்கு ஏற்ப இல்லை என்றோ நம்பக் காரணம் இருந்தால், பதிவு அதிகாரி உரிமையாளருக்கு விளக்கமளிக்க வாய்ப்பளித்து அதன் பதிவை நிறுத்தி வைக்கலாம். நிறுத்தம் தொடர்ந்து ஒரு மாதம் நீடித்தால் முதலில் பதிவு செய்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 6 மாதம் இடைவிடாமல் நீடித்தால் பிரிவு 54இன்படி சான்றிதழ் அந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, பதிவு ரத்தாகலாம். சிதம்பரத்தில் பதிவான ஜீப்பைக் காரைக்காலில் நிறுத்தி வைத்தால், முடிவு சிதம்பரம் அலுவலகத்தின் மேசைக்கே வந்து சேரும்.

வண்டியைப் பறிமுதல் செய்வதற்கான பிரிவு 207, ஓட்டுநர் உரிமம் இல்லாமை, பதிவு இல்லாமை, அனுமதிச் சீட்டு மீறல் ஆகியவற்றையே குறிப்பிடுகிறது. பிரிவு 52 அந்தப் பட்டியலில் இல்லை. பதிவு நிறுத்தப்பட்ட அல்லது பதிவே இல்லாத ஜீப்பை ஓட்டும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

தண்டனை

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள பிரிவு 182ஏ(4)இன்படி, அனுமதிக்கப்படாத வகையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். டயர், தடுப்பு, கூரை, விளக்கு என நான்கைக் கணக்கிட்டால் 20,000 ரூபாய். மாற்றி விற்கும் உற்பத்தியாளருக்கும் முகவருக்கும் வாகனம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு.

பிரிவு 200இன்கீழ் மாநில அரசு அறிவிக்கும் சமரசத் தொகையைச் செலுத்திச் சில குற்றங்களை முடித்துக்கொள்ளலாம். இந்தத் தொகைதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. தமிழ்நாடு உயர்த்தப்பட்ட தொகைகளை 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றால், குற்றம் நடந்த இடத்து நீதிமன்றத்துக்கே உரிமையாளர் போக வேண்டும்.

சிறைத் தண்டனை வெறும் ஏட்டளவில் உள்ளதல்ல. 2022இல் சிறீநகரில் ஒரு தார் ஜீப்பின் உரிமையாளருக்கு, கூரையும் பெரிய டயரும் விளக்குகளும் மாற்றியதற்காகப் போக்குவரத்து நீதிமன்றம் 6 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. முன்குற்றம் இல்லாததால் நன்னடத்தைப் பிணையில் விடுவித்தது. மாற்றங்களை அகற்றி வண்டியைப் பதிவுச் சான்றிதழில் உள்ளபடி ஆக்கவும் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு கண்ணூரில் மாற்றியமைக்கப்பட்ட ஒரு யூடியூப் பயண வேனின் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டது கேரளம் முழுவதும் பேசப்பட்டது.

காப்பீடு

அபராதத்தைவிடப் பெரிய இழப்பு காப்பீட்டில் வருகிறது. பிரிவு 146 கட்டாயமாக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டில், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர மறுப்பதற்குக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உள்ள காரணங்களைப் பிரிவு 150 வரையறுத்துள்ளது. வண்டி மாற்றப்பட்டது என்பது மட்டும் பொதுவாக அடிபட்டவரின் உரிமையைப் பறிப்பதில்லை. ஆனால் காப்பீட்டு ஒப்பந்தம் மீறப்பட்டதாகத் தீர்ப்பாயம் கருதினால், நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவிடும் வழக்கம் உள்ளது. உயிரிழப்பு வழக்குகளில் இழப்பீடு பல லட்சங்களைத் தொடும். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியவர் ஜீப்பின் உரிமையாளர். தேவைப்பட்டால் அவருடைய வீடும் நிலமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சொந்த வண்டியின் சேதத்துக்கான கோரிக்கையில் பாதுகாப்பு இன்னும் குறைவு. தெரிவிக்கப்படாத மாற்றம் விபத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று மதிப்பீட்டாளர் எழுதினால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். கூடுதல் துணைக்கருவிகளைக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்பே தெரிவித்துக் கூடுதல் சந்தா கட்டும் வழி உள்ளது. ஆனால் சட்டவிரோதமான மாற்றத்தை அது சட்டப்படியாக்கிவிடாது.

கடற்கரையும் பொது இடமே

சாலையில் ஓட்டவில்லை, மணலில்தானே ஓட்டுகிறோம் என்ற வாதம் எடுபடாது. பிரிவு 2(34) பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள எந்த இடத்தையும் ‘பொது இடம்’ என்கிறது. அது வழிப்பாதையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையும் சிதம்பரம் பக்கத்துச் சாமியார்பேட்டைக் கடற்கரையும் இதில் அடங்கும். இவை தவிர, மணல்மேடுகளைச் சிதைப்பதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தடுக்கிறது. 2004 ஆழிப்பேரலையையும் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலையும் நேரில் கண்ட இந்தக் கரையில் மணல்மேடுகளின் மதிப்பைப் பற்றி எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுப் பகுதிக்கு வனச் சட்டங்கள் தனியாகப் பொருந்தும்.

தொழிற்சாலைக்குள்ளோ மூடிய வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படும்படி அமைந்த சிறப்பு வகை வண்டிகளைப் பிரிவு 2(28) ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறையில் இருந்து விலக்குகிறது. நெய்வேலி சுரங்கத்துக்குள்ளேயே இயங்கும் பெரும் இயந்திரங்களை நினைத்துப் பார்த்தால் இதன் நோக்கம் புரியும். பூங்காக்களிலும் தனியார் தோப்புகளிலும் ஓடும் நான்கு சக்கர மணல் வண்டிகளில் பெரும்பாலானவை சாலைக்கான வகை ஒப்புதல் பெறாதவை. அவற்றுக்குப் பதிவெண்ணே கிடைக்காது. அவற்றை எல்லை தாண்டிக் கொண்டுசெல்ல ஒரே வழி லாரியில் ஏற்றுவதுதான். பந்தயத்துக்காக முழுமையாக மாற்றிய ஜீப்புகளையும் இப்படியே கொண்டுசெல்கின்றனர். வாடகைச் செலவு கூடினாலும் வழியில் எந்தக் கேள்வியும் எழாது.

மாநில எல்லையைத் தாண்டி நாள்தோறும் கரடுமுரடான பாதையில் ஜீப்புகள் ஓடும் இடம் ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. தேனி மாவட்டத்தில் உள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியில் இருந்துதான் செல்கிறது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கேரளப் பதிவெண் ஜீப்புகள் கற்கள் நிறைந்த பாதையில் ஏறித் தமிழ்நாட்டுக்குள் வருகின்றன. அவை பெரும்பாலும் தொழிற்சாலையில் இருந்து வந்த வடிவிலேயே உள்ள பழைய மகிந்திரா ஜீப்புகள். உயர்த்திய சட்டகமும் கூரை விளக்கும் இல்லாமலே அவை அந்த மலையை ஏறி இறங்குகின்றன.